ஒரு அறைக்கு மட்டும் சூடு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். குளிருக்குப் பயந்து ஒரு அறைக்குள் அடைபட்டுக் கிடந்ததில் எழுத என்ன இருக்கிறது? லண்டனில் பாதிப் பேர் அப்படித்தான் கிடக்கிறார்கள். பிறகு யோசித்தேன். மற்றப் பாதிப் பேர் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு வாசிக்க நேரமில்லை. அடைபட்டுக் கிடக்கிறவர்களாவது வாசிப்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் உட்கார்ந்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, இங்கே வந்து கல்லூரியையும் இடையில் விட்டவன் நான். இதையாவது முடிக்கிறேனா பார்ப்போம்.

தை மாதக் கடைசியில் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. எனக்கு மருமகள். கிங்ஸ்பரியில் அக்காவும் அத்தானும் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வருவதாக இருந்தது. சரக்குத்தூள், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் பொதி கட்டி, அம்மா புதுச் செருப்பும் வாங்கிவிட்டார். விசா கிடைக்கவில்லை. பொதி மட்டும் யாரோ ஒருவரின் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

அத்தானுக்கு வேலை. அத்தானின் சொந்தங்களுக்கும் வேலை. நான் ஒரு மொத்த விற்பனைக் கடையில் பெட்டி தூக்குகிறவன். பொங்கலுக்குப் பிறகு அங்கே வியாபாரம் படுத்து, என் ஷிப்டுகளைக் குறைத்துவிட்டார்கள். ஆக, குடும்பத்தில் சும்மா இருந்த ஒரே ஆள் நான். அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்லச் செய்வதற்கு ஒரு சோடிக் கை தேவைப்பட்டது. அப்படித்தான் நான் மருத்துவிச்சி ஆனேன்.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் துடக்கு என்னும் பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழியும்வரை தாயும் பிள்ளையும் அறையை விட்டு வரக்கூடாது. தாய்க்குக் காற்றுப் படக்கூடாது. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் குளிக்கவேண்டும். மிளகும் உள்ளியும் மல்லியும் அரைத்துப் போட்ட சரக்குக் கறிதான் சாப்பாடு. காது, தலை, வயிறு எல்லாவற்றையும் கட்டி வைக்கவேண்டும். தப்பித்தவறிக் காற்றுப் பட்டால் சன்னி வரும், அதாவது தாய்க்குப் புத்தி பேதலிக்கும் என்று அம்மா சொல்வார். எனக்குத் தெரிந்து அம்மா பயப்படும் விஷயங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று சன்னி, மற்றது நான் சமைப்பது.

அத்தானுக்கு வேறொரு பயம். அவர் குசினிச் சுவரில் ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறார். வீட்டில் காஸும் கரண்டும் எவ்வளவு போகின்றன என்று அது காட்டும். குறைவாகப் போனால் பச்சை, கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு. சாமிப் படத்துக்கு முன்னால் நிற்பதைவிட அத்தான் அதற்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பார். குளிர் கூடியதும் அவர் ஒரு திட்டம் போட்டார். வீட்டில் எல்லா ஹீற்றரையும் பூட்டிவிடுவது. ஒரு அறைக்கு மட்டும் சூடு.

அம்மாவுக்கு அடைத்த அறை வேண்டும். அத்தானுக்கு ஒரேயொரு அறை போதும். கலியாணம் முடிந்த நாள் முதல் எதிலும் ஒத்துப்போகாத மாமியும் மருமகனும் முதல் முறையாக ஒத்துப்போனார்கள். நடுவில் அகப்பட்டது அக்கா.

மாடியில் இருந்த அந்த அறையை அடைத்தது நான்தான். யன்னல் சட்டத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்து, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினால் தாள் இறுகிக் கண்ணாடி மாதிரி நிற்கும். அத்தான் வீடியோ ஒன்றில் பார்த்துவிட்டு வாங்கி வந்தார். நான் வலு வடிவாக ஒட்டினேன். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளிக்கு, அத்தானின் பழைய வேட்டிக்குள் கிழிந்த காலுறைகளை அடைத்து ஒரு மலைப்பாம்பு செய்து போட்டேன். சுவரில் காற்றுப் போக இருந்த சின்னச் சல்லடைக்கும் துணி வைத்தோம். அம்மா வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இப்பதான்ரா நீ ஒரு வேலையை உருப்படியாச் செய்திருக்கிறாய்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. உச்சி என்ன, அந்த அறைக்கு வெளியே இருந்தால் எல்லாமே குளிர்ந்தது.

ஹோலில் நான் படுப்பேன். காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். குசினியில் தேங்காயெண்ணெய் கல்லாகிக் கிடக்கும். குளியலறைக்குப் போவதென்றால் அங்கி, தொப்பி எல்லாம் போட்டு ஏதோ பயணம் போகிறமாதிரி வெளிக்கிடவேண்டும். அதனால் என்ன நடந்ததென்றால், வீட்டில் உயிருள்ளதும் உயிரில்லாததும் ஒவ்வொன்றாக அக்காவின் அறைக்குள் குடிபெயர்ந்தன. முதலில் ஈர உடுப்புக் காயப்போடும் கம்பி வந்தது. பிறகு அத்தானின் லப்ரொப். பிறகு எண்ணெய்ப் போத்தல். பிறகு நான். பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டால் அந்தப் புகையும் போக வழியில்லாமல் எங்களோடேயே இருந்துவிடும்.

ஒரு வாரத்தில் அந்த அறை பேக்கரி மாதிரி ஆகிவிட்டது. உடுப்பு ஈரமும், கொதிதண்ணி ஆவியும், நாலு பேர் மூச்சும் சேர்ந்து பிளாஸ்ரிக் தாளுக்கு உள்ளே ஓடி வடிந்தன. வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. யன்னல் மூலையில் கறுப்பாக ஏதோ படர்ந்தது. பிள்ளைக்குக் கண் படாமல் இருக்கச் சுவரே பொட்டு வைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

அதைத்தான் நான் கவனித்திருக்கவேண்டும். எங்கள் வீட்டில் நக்கலடிப்பதில் நான் இரண்டாம் ஆள். முதலாம் ஆள் அக்கா. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு தருவாள். ஆஸ்பத்திரியில் வலி வந்த நேரத்திலேயே என் தலைமுடியைப் பார்த்து, "டேய், உதை வெட்டினவனை இன்னும் பொலிஸ் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டவள். அப்படிப்பட்டவள் இப்போது நான் என்ன சொன்னாலும் சுவரைப் பார்த்தாள். சரக்குக் கறியைக் கொண்டுபோனால், "அதில வை" என்பாள். திரும்பிப் போனால் அது அப்படியே இருக்கும்.

"அக்கா, மருமகள் உன்னை மாதிரியே இருக்கிறாள். மூக்கைத் தேட வேண்டிக் கிடக்கு."

"ம்."

"அத்தான்ர காது. அது தேடாமலே தெரியுது."

"டேய், வெளிய மழையோ?"

"இல்லை. இருட்டிக்கொண்டு நிக்குது, அவ்வளவுதான்."

"ஒருக்கா உந்தத் தாளைக் கொஞ்சம் துடைச்சு விடன். பாப்பம்."

துணியால் துடைத்தேன். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி தெரிந்தது. அக்கா அதை அவ்வளவு ஆசையாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தாள் மறுபடி வியர்த்து, தொட்டியும் மறைந்துபோனது.

எனக்கும் அடைப்புத்தான். லண்டனின் தெற்கே சட்டனில் இருக்கும் என் கூட்டாளி ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிடுவான், பெடியள் எல்லாம் சேர்ந்து உள்ளரங்கில் கிரிக்கெட் அடிக்கிறோம், வா என்று. "நாளைக்கு வாறன் மச்சான்" என்பேன். அவன், "உனக்கெல்லோ பிள்ளை பிறந்தமாதிரிக் கிடக்கு" என்பான். ஆனால் நான் நினைத்தால் கதவைத் திறந்து கடைக்காவது போய்வரலாம். போய்வந்தால் கைகால் கழுவி உடுப்பு மாற்றவேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்கு அதுவும் இல்லை.

அப்போதுதான் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கும் நேர்ஸ் வந்தாள். நல்ல பெண். அறைக்குள் வந்ததும் அங்கியைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஸ்வெற்றரையும் கழற்றினாள். நான் மரியாதைக்குச் சுவரைப் பார்த்தேன். அவள் பைக்குள் இருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துத் தொட்டிலில் தொங்கவிட்டாள். அறையின் சூட்டைக் காட்டும் அட்டை. பச்சை என்றால் பிள்ளைக்குச் சரியான சூடு. அது பச்சையில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஏறிச் சிவப்பில் போய்க் குந்தியது. அந்த வீட்டில் அத்தானின் திரைக்கு இன்னொரு கூட்டாளி கிடைத்தான்.

நேர்ஸ் பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்திருந்தது. போர்வையை எடுத்தாள், தொப்பியை எடுத்தாள். இவ்வளவு சூடு இந்த வயதுப் பிள்ளைக்கு ஆபத்து, நித்திரையில் மூச்சுக்கே பிரச்சினை வரலாம், ஹீற்றரைக் குறையுங்கள், யன்னலைத் திறந்து காற்று விடுங்கள் என்று அமைதியாகச் சொன்னாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். அக்கா ஆங்கிலத்தில் நல்லாயிருக்கிறேன் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை. அது தன்னுடைய கண்ணீர் என்றே அவளுக்குத் தெரியாததுபோல இருந்தாள். நேர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் கதைத்தாள். அடுத்த கிழமை திரும்பவும் வருகிறேன், அதற்குள் இவள் வெளியே நடக்கவேண்டும், மனம் இன்னும் கீழே போனால் உடனே கூப்பிடவேண்டும் என்று போகும்போது என்னிடம் சொன்னாள்.

அடுத்த நாள் அத்தானுக்கு லீவு. நடந்ததைக் கேட்டதிலிருந்து அவர் தொட்டில் அட்டையையும் குசினித் திரையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு படியில் ஏறி இறங்கினார்.

"தம்பி, யன்னலைத் திறந்தால் காஸ் எல்லாம் ரோட்டுக்கெல்லோ போகும்?"

"அத்தான், பிள்ளை வேகுது. நீங்கள் காஸைப் பற்றிக் கதைக்கிறியள்."

"நீர் கதைக்கிறீர். மாமிக்கு ஆர் சொல்லுறது?"

அங்கேதான் இருந்தது சிக்கல். அத்தானுக்கு அம்மாவிடம் சொல்லப் பயம். அக்காவுக்குச் சொல்லத் தெம்பில்லை. நான் சொன்னால் அம்மா நம்பமாட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தீப்பிடித்துவிட்டது என்று சொல்லி வீட்டில் நின்றவன் நான். இருந்தாலும் வீடியோவில் கூப்பிட்டேன். எங்களுக்குக் காலை, அம்மாவுக்குப் பின்னேரம். அம்மா அறைக்குள் கட்டிலில் இருந்தார். பின்னால் மேசை விசிறி சுழன்றது. சட்டைக் கழுத்தெல்லாம் வேர்வை.

நேர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

"அவளவைக்கு என்னடா தெரியும்? பெத்த அண்டைக்கே எழும்பிக் கடைக்குப் போறவளவை. காத்துப் பட்டால் பேந்து ஆயுளுக்கும் நாரி முதுகு எல்லாம் நோ. சன்னி வந்தால் ஆர் பாக்கிறது?"

"எனக்கு மூச்சு முட்டுதம்மா" என்றாள் அக்கா. கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். குரல் கேட்டதா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக.

அம்மா கழுத்து வேர்வையைத் துடைத்தார். பிறகு, "நானும் உன்னைப் பெத்துப்போட்டு அடைச்ச அறைக்குள்ளதான் பிள்ளை கிடந்தனான். இதே அறைதான். முப்பத்தொண்டும் கழியும்வரைக்கும் கதவு யன்னல் திறக்கேல்லை. எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நக்கல்தான் வரும். அதைத் தவிர வேறு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

"அப்ப சரி. இப்ப கதவு யன்னல் எல்லாத்தையும் சாத்துங்கோ. விசிறியையும் நிப்பாட்டுங்கோ. நான் இஞ்ச இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். எவ்வளவு நேரம் இருக்கிறியள் எண்டு பாப்பம்."

"தம்பி, விடும்" என்றார் அத்தான், பின்னால் நின்று.

"என்னடா, எனக்கே பந்தயமோ?" என்றார் அம்மா. சொல்லிவிட்டு எழுந்தே விட்டார். பலகை யன்னல்களைப் படார் படாரென்று சாத்தினார். கதவையும் சாத்தினார். வெளியே இருந்து அப்பாவின் குரல், "என்னப்பா, இந்த வெக்கைக்குள்ள ஏன் அடைக்கிறாய்?"

"உங்கட மோன் என்னைச் சோதிக்கிறார்!"

விசிறி நின்றது. அம்மா போனை ஒரு செம்பில் சாய்த்துவைத்துவிட்டு, போர்வை ஒன்றையும் எடுத்துப் போர்த்திக்கொண்டு நேரே இருந்தார். நான் கேட்காததையும் செய்வதுதான் அம்மா. நாங்கள் மூன்று பேரும் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் போனது. அம்மா அசையவில்லை. முகத்தில் வேர்வை இருந்தது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. எனக்குத் தோல்வி வந்துகொண்டிருந்தது.

"பாத்தியே? நான் செத்தே போனன்?"

அந்த நேரத்தில் அம்மாவின் தலைக்கு மேலே, சுவரின் உச்சியில், ஏதோ ஓடியது. ஓடி நின்று, வாலைத் தூக்கிக் கீச்சிட்டது.

"அம்மா, உது என்ன?"

"எது?"

"மேல. பின்னால."

அம்மா திரும்பிப் பார்த்தார். "அணிலடா. ஒவ்வொரு நாளும் வாறதுதானே."

"கதவு யன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கு. அணில் எங்கயால வந்தது?"

"ஓட்டுக்குக் கீழ இருக்கிற நீக்கலால—" என்று தொடங்கிய அம்மா அப்படியே நிறுத்தினார்.

அந்த வீடு எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வீடுதான். ஓட்டுக் கூரை. சுவர் முடியும் இடத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே சுற்றிவர ஒரு சாண் வெளி. அதனால் வெளிச்சம் வரும், காற்று வரும், அணில் வரும், ஒருமுறை பக்கத்து வீட்டுப் பூனைகூட வந்தது. அந்த அறையை எவ்வளவுதான் அடைத்தாலும் அது மேலால் மூச்சு விட்டுக்கொண்டேயிருக்கும். அதைத்தான் இவ்வளவு காலமும் நாங்கள் அடைத்த அறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் போனைத் திருப்பினேன். பிளாஸ்ரிக் தாளைக் காட்டினேன். அதில் வடியும் தண்ணீர், மூலையில் கறுப்பு, துணி அடைத்த சல்லடை, கதவடியில் வேட்டிப் பாம்பு, கம்பி நிறைய ஈர உடுப்பு. கடைசியாக அக்காவின் முகம்.

"இஞ்ச எறும்பு வாறதெண்டாலும் விசா எடுக்கவேணும் அம்மா."

அம்மா சிரிக்கவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "உந்த அறைக்கு மேலால ஒரு ஓட்டையும் இல்லையோ?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அப்படி ஒரு அறை இருக்கும் என்று அம்மா நினைத்துப் பார்த்ததில்லை.

"இல்லை மாமி" என்றார் அத்தான். அவர் வாயால் வந்த முதல் உதவி.

"ஐயோ, பிள்ளையை அவிச்செல்லோ வைச்சிருக்கிறியள்! திறவுங்கோடா. கெதியாத் திறவுங்கோ." பிறகு உடனே, "பொறு, பொறு. முதல்ல அவளின்ர காதுக்குப் பஞ்சு வை. தலைக்குத் துணியைக் கட்டு. பிள்ளையைக் காத்து வாற பக்கம் வைக்காதை."

அக்காவின் காதில் பஞ்சு வைத்தோம். நான் குசினிக் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து, அவ்வளவு வடிவாக ஒட்டிய என் தாளை மேலிருந்து கீழ்வரை கிழித்தேன். யன்னல் பிடி இறுகிப்போயிருந்தது. அத்தானும் நானும் சேர்ந்து தள்ளினோம். முனகிக்கொண்டு திறந்தது.

குளிர் வந்தது. சும்மா வரவில்லை, இவ்வளவு நாளும் வாசலில் நிறுத்திவைத்ததற்குக் கணக்குத் தீர்க்க வந்ததுபோல வந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து கண்ணை மூடி அதை இழுத்தாள். அத்தான் படியால் இறங்கிக் குசினிக்கு ஓடினார். "சிவக்கப் போகுது! தம்பி, சிவக்கப் போகுது!"

"ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டுத்தான் அத்தான் திறந்தனான்!"

கொஞ்ச நேரம் விட்டு யன்னலைச் சாத்தினோம். சுவர்ச் சல்லடையில் இருந்த துணியை எடுத்தேன். உடுப்புக் கம்பியைக் குளியலறைக்குள் நாடு கடத்தினேன். ஹீற்றரைப் பழைய அளவுக்கு வைக்கவில்லை, பாதிக்குத்தான் வைத்தோம். ஈரம் போன அறை சுகமாகச் சூடேறியது. தொட்டில் அட்டை பச்சைக்கு இறங்கி அங்கேயே நின்றது. குசினித் திரையும் முன்னரைவிட அதிக நேரம் பச்சையாக இருந்தது. அந்தி பட்டதும் தடித்த யன்னல் சீலையை இழுத்து விடுவது, காலையிலும் பின்னேரமும் கொஞ்சம் திறந்து சாத்துவது என்று வழக்கமாகிவிட்டது. நாலாம் நாள் அத்தான் வேலைத்தலத்து ஆள் யாருக்கோ போனில் இதையெல்லாம் தன்னுடைய கண்டுபிடிப்பாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். ஹோல் ஹீற்றரை அவர் இன்னும் திறக்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டினேன். காது கேட்காததுபோல இருந்தார். அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு.

அக்கா மட்டும் இன்னும் அரைவாசிதான் திரும்பியிருந்தாள். சாப்பிட்டாள். அழவில்லை. ஆனால் சுவரைப் பார்ப்பது நிற்கவில்லை. துடக்குக் கழிந்து முதல் பயணம் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். அதுவரை வாசலைத் தாண்டக்கூடாது. யன்னல் திறந்ததே பெரிய விட்டுக்கொடுப்பு.

நேர்ஸ் வருவதற்கு முதல் நாள், மதியம் சாய்ந்த நேரம், அத்தான் வேலைக்குப் போயிருந்தார். நான் பிள்ளையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அக்கா திடீரென்று எழுந்து அத்தானின் பெரிய அங்கியைப் போட்டாள். காதுக்குத் தானே பஞ்சு வைத்தாள். தலையைச் சுற்றிச் சால்வை கட்டினாள்.

"எங்க போறாய்?"

"தெருமுனை மட்டும்."

"அம்மா கேட்டால்?"

"அணில் கூட்டிக்கொண்டு போட்டுது எண்டு சொல்லு."

அப்படியே இறங்கிப் போய்விட்டாள். போன் கட்டிலில் கிடந்தது. தெருமுனைக்குப் போய்வர எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த நேரம் போனது. இன்னும் ஒரு மடங்கும் போனது. மருமகள் நல்ல நித்திரை. நான் எழும்பினால் அவளும் எழும்புவாள். கால் விறைத்தது. கண்ணீரைத் துடைக்காமல் இருந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. போகவிட்டிருக்கக் கூடாதோ என்று நெஞ்சு அடித்தது. அந்த அடிப்பில் பிள்ளை எழும்பிவிடும்போல இருந்தது. அத்தானைக் கூப்பிட்டால் ஊரே திரளும். கூப்பிடாவிட்டால்?

யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அதால் கீழே கதவடியில் பேச்சுக் கேட்டது. பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாவோடு யாரோ ஆங்கிலத்தில் கதைத்துச் சிரிக்கிறார்கள். பிறகு அந்தக் குரல் நிமிர்ந்து, தெரு முழுக்கக் கேட்க, தமிழில் வந்தது.

"டேய்! நான் இன்னொரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்! பிள்ளை எழும்பினால் நீயே பாலைக் குடு!"

நான் திருப்பி ஒன்று கத்த வாயைத் திறந்தேன். மருமகள் நெளிந்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஒரு கையால் போனை எடுத்துச் சட்டன் கூட்டாளிக்கு எழுதினேன்: "மச்சான், அக்கா தப்பி ஓடிட்டாள். பிள்ளை என்ர நெஞ்சில நித்திரை, எனக்கு அசைய ஏலாது, காலும் செத்துப்போச்சு."

அவனிடமிருந்து உடனே பதில் வந்தது:

"அசையாதை மச்சான், இண்டைக்கு நீதான் ஹீற்றர்."